கம்பிக்கு இந்தப் பக்கம்

உப்பளம் மைதானத்துப் பக்கம் மாலை நடை போகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐந்து மணி ஆனால் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். எட்டு வயது, பத்து வயது, பன்னிரண்டு வயது. முழங்கால் வரை காலுறை, ஆணி வைத்த காலணி, முதுகில் மெஸ்ஸி என்றும் ரொனால்டோ என்றும் பெயர் அச்சடித்த சட்டை. கூடவே அப்பாவும் அம்மாவும். பயிற்சி நாட்களில் இவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு அணிகளை மோதவிட்டால்தான் சங்கதியே வேறு.

நடுவர் என்று ஒரு பையனை நிறுத்தியிருப்பார்கள். பெரும்பாலும் கல்லூரியில் படிக்கிறவன். கழுத்தில் தொங்கும் விசிலைத் தவிர அவனுக்கு வேறு பலம் கிடையாது. முதல் பத்து நிமிடம் அமைதியாகப் போகும். பிறகு ஒரு விசில். உடனே ஓரத்திலிருந்து கிளம்பும்: "டேய், கண்ணு இருக்கா இல்லையா?", "எவ்ளோ வாங்கின?", "ரெஃப்ரீய மாத்துங்கப்பா!" இப்படிக் கத்துகிறவர்கள் ரவுடிகள் அல்ல. வங்கியில் வேலை பார்க்கிறவர், பள்ளி ஆசிரியை, மருந்துக்கடை வைத்திருப்பவர். நம்மை வழியில் பார்த்தால் "வணக்கம் சார்" என்று வண்டியை நிறுத்திப் பேசுகிறவர்கள்.

நாங்கள் ஆடிய காலத்தில் எந்த அப்பாவும் மைதானத்துக்கு வந்ததில்லை. பையன் எங்கே ஆடுகிறான் என்பதே அவருக்குத் தெரியாது. பிரெஞ்சுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியரை நாங்கள் 'மொனித்தேர்' என்போம். விசில் அவர் கையில். அவர் 'ஃபோத்' என்றால் தப்பு, 'பூத்' என்றால் கோல். முணுமுணுத்தால் முதுகில் ஒன்று விழும். அதை வீட்டில் போய்ச் சொன்னால் அங்கே இரண்டாவது விழும். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த மொனித்தேர் தனக்குப் பிடித்த பையன்களுக்குச் சாதகமாக ஊதினார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை எங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டோம். கோட்டுக்கு வெளியே நின்று அதைப் பேச ஆளே இல்லை.

இப்போது ஆள் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அகாடமிக்கு மாதக் கட்டணம், காலணிக்கு ஒரு தொகை, ஆறு மாதத்தில் கால் வளர்ந்ததும் மறுபடி ஒரு தொகை. அதற்கு மேல் சான்றிதழ். விளையாட்டு ஒதுக்கீட்டுக்காக இணைக்கப்பட்ட சான்றிதழ்கள் என் மேசை வழியாகவும் சில வருடங்கள் போயிருக்கின்றன. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிகள். அரையிறுதியில் தோற்ற அணிக்கும் இறுதிக்குப் போன அணிக்கும் இடையில் சில சமயம் ஒரு கல்லூரி இடமே தொங்கும். ஓரத்தில் நிற்கிற அப்பா, நடுவன் ஊதிய விசிலில் ஒரு பெனால்டியை மட்டும் பார்க்கவில்லை. கை நழுவிப்போகிற ஒரு சீட்டைப் பார்க்கிறார். அவருடைய கத்தலை நான் ஏற்கவில்லை. கணக்கு புரிகிறது.

இந்தக் கணக்கு மட்டும்தான் காரணம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பாரிசுக்கு வடக்கே புறநகரில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போன பிறகுதான், விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று பட்டது.

மாப்பிள்ளையின் தாத்தா சொல்தா. அந்தக் குடும்பம் 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையில் இருந்துகொண்டது. நம் ஊரில் அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பேரனுக்குப் பதினைந்து வயது. அங்குள்ள சங்கத்தில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் தொலைபேசியில், "தாத்தா, நான் ஆர்பித்ர் பரீட்சை எழுதிட்டேன்" என்றான். நடுவர் பயிற்சிக்குப் போய்த் தேறிவிட்டானாம். தன்னைவிட இரண்டு மூன்று வயது சிறிய பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களுக்கு விசில் ஊதுவான். பிரான்சில் ஒவ்வொரு கால்பந்து சங்கமும் தன் தகுதிக்கு ஏற்ப இத்தனை நடுவர்களைத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தராவிட்டால் அபராதம். வேறு சங்கத்திலிருந்து ஆட்டக்காரர்களை எடுக்கும் உரிமையும் குறையும். அதனால் எல்லாச் சங்கமும் நடுவராக வர ஆள் தேடிக்கொண்டே இருக்கிறது. வருகிறவர்களில் நிறையப் பேர் மீசை முளைக்காத பிள்ளைகள்.

ஆர்பித்ர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பள்ளிக்கூடத்து நினைவு வந்தது. அதே சொல் தத்துவ வகுப்பில் 'லீப்ர் ஆர்பித்ர்' என்று வரும். மனிதன் தன் சித்தப்படி முடிவு செய்யும் சுதந்திரம் என்று பொருள். அதற்குப் பக்கத்திலேயே அகராதியில் 'ஆர்பித்ரேர்' இருக்கும். அது இஷ்டத்துக்கு நடத்தப்படும் அநியாயம். ஒரே வேரிலிருந்து நடுவரும் அநியாயமும் பிறந்திருப்பது பிரெஞ்சுக்காரனின் அனுபவம் போலும். நம் மொழியில் அந்தச் சிக்கல் இல்லை. நடுவில் நிற்கிறவர் நடுவர். வள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார்.

ஆங்கிலேயனின் சொல்லுக்கு இன்னொரு கதை. ஆரம்பத்தில் கால்பந்தில் நடுவரே கிடையாது. தகராறு வந்தால் இரண்டு அணித்தலைவர்களும் பேசி முடிப்பார்கள். பிறகு ஆளுக்கொரு அம்பையரைக் கொண்டுவந்தார்கள். அந்த இருவருக்கும் ஒத்துப்போகாதபோது மட்டும், ஓரத்தில் நிற்கிற மூன்றாமவரிடம் விஷயத்தை அனுப்பினார்கள். 'ரெஃபர்' செய்யப்படுகிறவர், ஆகவே ரெஃப்ரீ. கிட்டத்தட்ட நம் அலுவலகக் கோப்பு மேலிடத்துக்குப் போகிற மாதிரி. 1891இல்தான் அவரை ஓரத்திலிருந்து எடுத்து மைதானத்துக்குள் விட்டார்கள். அதாவது முதலில் கோட்டுக்கு வெளியே அமைதியாக நின்றவர் நடுவர்தான். அவர் உள்ளே போனார். அந்த இடத்தை நாம் பிடித்துக்கொண்டோம்.

போகட்டும். போன அக்டோபரில் மகள் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. பேரன் ஊதிய ஓர் ஆட்டம் முடிந்த பிறகு, தோற்ற அணிப் பையன் ஒருவனின் உறவினர், வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் பின்னாலேயே வந்திருக்கிறார். கை வைக்கவில்லை. முகத்துக்கு நேரே விரலை நீட்டி, நீ எந்தப் பள்ளியில் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்றாராம். பேரன் வீட்டில் வந்து ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் கூட விளையாடும் பையன் மூலமாகத்தான் தெரிந்தது. மாப்பிள்ளை காவல் நிலையத்துக்குப் போய் 'மேன் குரான்த்' எழுதிவைத்துவிட்டு வந்தார்.

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. புகாராகப் பதிவு செய்யாமல், நடந்ததை மட்டும் தேதியோடு குறித்துவைக்கும் காவல் நிலைய நாட்குறிப்புக்கு அங்கே மேன் குரான்த் என்று பெயர். கால்பந்து மைதானத்தைச் சுற்றிப் பார்வையாளர்களைத் தடுக்க இடுப்பளவு உயரத்தில் ஓடும் கம்பிக்கும் அதே பெயர்தான். கம்பிக்கு வெளியே கத்தியது கடைசியில் அந்தப் பெயருள்ள புத்தகத்தில் போய் உட்கார்ந்தது. எழுத்தர் வேலை பார்த்த புத்தி, இந்த மாதிரி விஷயங்களில்தான் முதலில் போய் நிற்கிறது.

"இவனுக்கு எதுக்குப்பா இதெல்லாம்? ஆடுறதோட நிறுத்திக்கக் கூடாதா?" என்று மகள் கேட்டாள். என்ன பதில் சொல்வது? என் உத்தியோகத்தை யோசித்தேன்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பணியில் சேர்ந்த சில வருடங்களிலேயே என்னைப் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் பக்கம் போட்டுவிட்டார்கள். பிரெஞ்சு காலத்துப் பதிவேடுகளின் சாய்ந்த கையெழுத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். சாளரத்துக்கு அந்தப் பக்கம் மக்கள் வரிசையாக நிற்பார்கள். தாத்தாவின் பிறப்புப் பதிவில் அய்யாசாமி ஒரு விதமாக எழுதியிருக்கும், கல்யாணப் பதிவில் இன்னொரு விதமாக. அந்தக் காலத்து எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியது. அந்த ஓர் எழுத்தில் பேரனின் குடியுரிமை நிற்கும். நான் அந்த எழுத்தை எழுதவும் இல்லை, அது பொருந்த வேண்டும் என்ற விதியைச் செய்யவும் இல்லை. ஆனால் வந்தவர் கண்ணுக்கு நான்தான் தெரிவேன். வாங்கிய திட்டுகளைத் தொகுத்தால் ஒரு பதிவேடு ஆகும்.

ஆனாலும் எனக்கு வசதிகள் இருந்தன. நடுவில் ஒரு மேசை இருந்தது, கம்பி வலை இருந்தது. பின்னால் கண்காணிப்பாளர் இருந்தார். திருப்தி இல்லாதவர் மேல்முறையீடு செய்யலாம். எல்லாவற்றையும் விட, என்னிடம் "நாளைக்கு வாங்க" என்ற வாசகம் இருந்தது. அந்த ஒரு வாசகத்துக்காக அரசு ஊழியனை உலகம் எவ்வளவோ பழித்திருக்கிறது. ஆனால் அது எத்தனை சண்டைகளை ஆற வைத்தது என்று உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மைதானத்தில் நிற்கும் பதினைந்து வயதுப் பையன் நாளைக்கு வாங்க என்று சொல்ல முடியுமா? பந்து கையில் பட்டதா, தோளில் பட்டதா என்பதை அந்த நொடியிலேயே, கோப்பும் இல்லாமல், கேட்டுக்கொள்ள மேலதிகாரியும் இல்லாமல் முடிவு செய்ய வேண்டும். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் ஆட்டத்தில் பத்துக் கோணத்தில் படம் ஓட்டிப் பார்த்தும் ஒரு முடிவுக்கு வர நிமிடக்கணக்கில் ஆகிறது. இவனுக்கு இரண்டு கண்.

பிரெஞ்சு அரசாங்கத்துக்கு இது புரிந்திருக்கிறது. 2006 அக்டோபர் 23ஆம் தேதியிட்ட ஒரு சட்டம், விளையாட்டு நடுவர்களைப் பொதுச்சேவைப் பணியில் இருப்பவர்களாகக் கருத வேண்டும் என்று சொன்னது. பணியில் இருக்கும் நடுவர்மேல் கை வைத்தால், அல்லது மிரட்டினால், சாதாரண ஆளை அடித்ததைவிடக் கூடுதல் தண்டனை. நடுவர்களுக்குக் கிடைக்கும் சிறு ஊதியத்துக்கு வரம்புக்குட்பட்ட வரிச்சலுகையும் அதே சட்டத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்துத் தாக்கினால் 353ஆம் பிரிவு என்று சாளரத்துக்கு மேலே எழுதிவைத்திருப்போமே, அதே வழி. இப்போது அது புதிய நியாய சங்கிதையில் 132ஆம் பிரிவு. சட்டப்படி பார்த்தால் என் பேரனும் நானும் ஒரே இலாகா.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. ஆட்டம் நடப்பது வெளியில். மகள் பயந்தது வெறும் பயம் இல்லை. நெதர்லாந்தில் அல்மேர் என்ற ஊரில் 2012 டிசம்பர் 2ஆம் தேதி நடந்தது அங்கே எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். ரிச்சர்ட் நியூவென்ஹைசன் என்ற 41 வயதுக்காரர், தன் மகன் ஆடும் அணியின் ஆட்டத்துக்குக் கோட்டு நடுவராகக் கொடி பிடித்தார். சம்பளத்துக்கு அல்ல, பிள்ளைகள் ஆட வேண்டுமே என்று. ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பதின்ம வயதுப் பையன்கள் அவரை உதைத்தார்கள். மறுநாள் இறந்துபோனார். அடுத்த வார இறுதியில் அந்த நாடு முழுக்க அமெச்சூர் கால்பந்து ஆட்டங்களை நிறுத்திவைத்தார்கள். 2013இல் தீர்ப்பு வந்தபோது தண்டிக்கப்பட்டவர்களில் பையன்களோடு ஒருவனின் தகப்பனும் இருந்தார். அவருக்கு ஆறு வருடம். செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த இடம்தான் உறுத்தியது. பிள்ளைகள் அடித்துக்கொண்டால் ஓடி வந்து விலக்குவதற்குத்தானே தகப்பன்?

ஏப்ரலில் நான் அங்கே போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை பேரனோடு மைதானத்துக்குப் போனேன். செயற்கைப் புல். வெயில் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது, உடம்பில் உறைக்கவில்லை. பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்கள் ஆட்டம், அணிக்கு எட்டுப் பேர், பாதிக்கு முப்பது நிமிடம். சங்கத்துச் சிற்றுண்டிக் கடையில் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு கம்பியோரம் நின்றேன். பேரன் கறுப்புச் சட்டையில் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிந்தான்.

வந்த அணியின் பயிற்றுநர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவரை அங்கே 'எதுய்க்காத்தேர்' என்கிறார்கள், அதாவது கல்வி புகட்டுகிறவர். நல்ல சொல். எல்லோருக்கும் பொருந்தாது. அந்த அம்மாவுக்குப் பொருந்தியது. அவர் கத்தினார், ஆனால் தன் பிள்ளைகளின் பெயரை மட்டும். நடுவர் பக்கம் ஒரு முறையும் திரும்பவில்லை. எனக்கு நாலடி தள்ளி நின்றவர்தான் ஆட்டம் முழுவதும் என் பேரனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். உயரமான மனிதர், வேலைக்குப் போகும் சட்டையோடேயே வந்திருந்தார். அவர் மகன் வலதுபுறம் ஆடினான். அந்தப் பையன் விழுந்தபோதெல்லாம் அப்பா, "விசிலை விழுங்கிட்டியா?", "வீட்டுக்குப் போய்ப் படிடா" என்ற ரீதியில் பிரெஞ்சில் முழங்கினார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்து, "முசியே, நீங்களே சொல்லுங்கள், அது பெனால்டி இல்லையா?" என்று வேறு கேட்டார். "நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை" என்றேன். உண்மையும் அதுதான். அவருக்கும் அதே இடத்திலிருந்துதான் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது பாதி. இந்த வயது ஆட்டங்களில் ஓரத்துக் கொடியை மாற்று ஆட்டக்காரப் பிள்ளைகளே முறைவைத்துப் பிடிக்க வேண்டும் என்று பிரெஞ்சுக் கூட்டமைப்பு ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறது. விதியை அப்போதுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும் என்பது எண்ணம். அந்த உயரமான மனிதரின் மகன் முறை வந்தது. பையன் வெளியே வந்து தண்ணீர் குடித்தான், மேல்சட்டையைப் போட்டுக்கொண்டான், கொடியை வாங்கிக்கொண்டு எங்கள் பக்கத்துக் கோட்டோரம் வந்து நின்றான்.

அப்பா அமைதியானார். திருந்திவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அவர் பார்வை பந்திலிருந்து கொடிக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். பையன் கொடியைச் சுருட்டிப் பிடித்திருந்தான். அதை விரித்துப் பிடி என்று மெதுவாகச் சொன்னார்.

பத்து நிமிடம் போயிருக்கும். இவன் அணியே பந்தைக் கொண்டுபோய்க் கோல் அடித்தது. பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கம்பியோரம் ஆரவாரம். கொடி மேலே நின்றது. ஆஃப்சைடு. என் பேரன் பார்த்தான், விசிலை ஊதினான், கோல் இல்லை என்று கையைக் காட்டினான். ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு அந்த அணிப் பெற்றோர் அத்தனை பேரும் கொடி பிடித்த பையன்மேல் பாய்ந்தார்கள். வார்த்தையால்தான். "நீ எந்த அணிடா?" "கொடியைக் கீழே போடு!" ஒரு பெண், அவன் பெயரைச் சொல்லியே திட்டினாள். பையனின் காது சிவந்துபோயிற்று. ஆனாலும் கொடியை இறக்கவில்லை. நடுவர் கை காட்டும் வரை இறக்கக் கூடாது என்று யாரோ அவனுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அந்த அப்பா அவர்கள் பக்கம் திரும்பினார். "அவன் பன்னிரண்டு வயதுப் பையன்," என்றார். குரலை உயர்த்தவில்லை. "பன்னிரண்டு வயது." அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெண் என்னமோ பதில் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். நான் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவில் நின்றவனுக்கும் அவனைவிட மூன்று வயதுதான் கூட. அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அது என் வேலை இல்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. பிள்ளைகள் கை குலுக்கினார்கள். அந்த மனிதர் என் பேரனைக் கடந்து போனபோது மன்னிப்புக் கேட்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், அப்படி எதுவும் நடக்கவில்லை. மகனின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் போய்விட்டார். பயிற்றுநர் அம்மாதான் பேரனிடம் வந்து, "மெர்சி, முசியே லார்பித்ர்" என்றார். பதினைந்து வயதுப் பையனை முசியே என்றது எனக்கு என்னமோ செய்தது.

திரும்பி வரும்போது பேரனிடம் கேட்டேன், அவ்வளவு சத்தம் காதில் விழவில்லையா என்று. "விழும் தாத்தா. எங்க டிரெய்னிங்ல சொல்லிருக்காங்க, அவங்க உன்ன திட்டல, உன் சட்டையத்தான் திட்டறாங்கன்னு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா சட்டைக்குள்ள நான்தானே இருக்கேன்" என்றான்.

அங்கே மாவட்டச் சான்றிதழும் இல்லை, கல்லூரி இடமும் இல்லை. அப்படியானால் அந்த அப்பாக்களுக்கு என்ன? ஒரு பகுதி ஆசைதான். கிலியான் எம்பாப்பே வளர்ந்த போந்தி அதே புறநகர்ப் பக்கம். கிளேர்ஃபோந்தேனில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சி தரும் தேசியப் பள்ளி இருக்கிறது. அதற்கு ஆள் பார்க்க எவரோ கம்பியோரம் நின்றுகொண்டிருப்பார் என்ற நினைப்பு எல்லோருக்கும் உண்டு. ஆனால் அன்று அந்த மனிதர் அடங்கியது ஆசை போனதால் அல்ல. அவர் கண்ணில் மைதானத்தில் இருந்தது ஒரே ஒரு பிள்ளைதான், மற்றவர்கள் எல்லாரும் அவனுக்கு உதவியாக அல்லது இடைஞ்சலாக இருந்தார்கள். அந்த ஒரு பிள்ளை கொடியைப் பிடித்ததும் கொடிக்கு ஓர் ஆள் வந்துவிட்டான். இது நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் ஒன்றுதான்.

பெற்றோரைவிடப் பயிற்சியாளர்களைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். உப்பளத்தில் மூன்று நான்கு பேரைத் தொடர்ந்து கவனித்திருக்கிறேன். பயிற்சியாளர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவர்களும் பெரிதாகக் கத்துவதில்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்து கையை விரித்து வானத்தைப் பார்த்தாரானால் போதும், அது உத்தரவு. சிலர் இதை ஒரு வித்தையாகவே செய்கிறார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் நடுவனை நாலு போட்டுவைத்தால், பிறகு சந்தேகமான இடத்தில் நம் பக்கம் ஊதுவான் என்று கணக்கு. ஒருவர் என்னிடமே பெருமையாகச் சொன்னார். பிள்ளைகளுக்கு உதைக்கக் கற்றுக்கொடுப்பதோடு இதையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறார் என்று அவருக்குத் தோன்றவில்லை. விழாமலே விழுந்து உருளும் பத்து வயதுப் பையன்களை இப்போது நிறையப் பார்க்கிறேன்.

பயிற்சியாளருக்கும் அட்டை காட்டலாம் என்று கால்பந்து விதி 2019இல் மாறியது. ஆட்டக்காரர்களுக்கு 1970 மெக்சிகோ உலகக் கோப்பையிலேயே மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்துவிட்டன. வயதில் பெரியவரை எட்ட ஏறத்தாழ ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. இங்கிலாந்தில் 2008இலிருந்து மரியாதை இயக்கம் என்று ஒன்று நடத்திப் பெற்றோருக்குத் தனியாகக் கயிறு கட்டி நிற்க வைக்கிறார்கள். 2023இல் நடுவர்களின் மார்பில் கேமரா மாட்டிப் பார்க்கவும் ஆரம்பித்தார்கள். சில மாவட்டங்களில் பதினெட்டு வயதுக்குட்பட்ட நடுவர்களுக்கு ஊதா நிறத்தில் சட்டையோ பட்டையோ தருகிறார்கள், இவன் சிறுவன் என்று தெரியட்டும் என்று. கேமராவைவிட எனக்கு இந்த ஊதா நிறம்தான் பிடித்தது. நம் மைதானத்தில் அதற்குச் செலவும் அதிகம் ஆகாது. அடுத்த பள்ளிப் போட்டிகளுக்கு முன்னால், மாற்று ஆட்டக்காரர் கையில் கொடி கொடுக்கும் பழக்கத்தையும் சேர்த்துச் செய்து பார்க்கலாமே என்று, எனக்குத் தெரிந்த இரண்டு பயிற்சியாளர்களிடம் சொன்னேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், கொடி எங்கே விற்கிறது சார் என்று கேட்டார்.

நடுவராகத் தொடர வேண்டுமானால் பேரன் ஒவ்வொரு கோடையிலும் மருத்துவப் பரிசோதனைத் தாள்களைக் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். போன வாரம் கூப்பிட்டபோது கேட்டேன். டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டானாம், வியாழக்கிழமை. பின்னாலிருந்து அவன் அம்மா என்னமோ சொன்னாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "ஒண்ணுமில்ல தாத்தா, அம்மாவும் கூட வராங்களாம்" என்றான்.